அம்மாவும் ஐவரி கலர் டைல்ஸும்

வீட்டு வேலைன்னு ஆரம்பிச்சதுல ஏழு மாசமா எழுதவே உட்காரலை. வீட்டைக் கட்டிப் பார்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்லை. இத்தனைக்கும் நாங்க கட்டக்கூட இல்லைங்க. இருக்கிற வீட்டுக்குத் தரையும் சுவரும் சரி பண்ணினோம், அவ்வளவுதான். அதுக்கே எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல பதினோரு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. சோறு மட்டும் வந்துச்சு. தட்டு வைக்கிற சத்தத்துல மீதியைப் புரிஞ்சுக்கணும்.

எங்க ஊர் கொல்லிமலை. காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா வருமே, அதேதான். ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில்னு நீங்க ஒருவாட்டி வந்துட்டு வளைவுல வாந்தி எடுத்திருந்தா மறந்திருக்க மாட்டீங்க :-) மலைமேல பதினாலு நாடு. நாடுன்னா தனி நாடு இல்லை, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தேவனூர்நாடுன்னு ஊர்த்தொகுதிகள். அதுல ஒண்ணுல, மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவுல எங்க வீடு. நான் கோயமுத்தூர்ல பொட்டி தட்டுறேன். அம்மாவும் தம்பி குடும்பமும்தான் மலையில. அப்பா இல்லை.

வீட்டைப் பத்தி முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா சண்டை புரியாது. எங்க வீடு ஒரே வீடு இல்லை, மூணு காலத்துல ஒட்டுப்போட்ட வீடு. பழைய பகுதி ஒன்றரை அடி கனத்துல மண் சுவர். நான் சின்னப் பையனா இருந்தப்போ அதுக்குப் புல்லுக்கூரை. அப்புறம் அப்பா கூரையைப் பிரிச்சுட்டு ஓடு போட்டார். பக்கத்துல ஒட்டினாப்புல இருக்கிறது பசுமை வீடு. 2011-ல தமிழக அரசு கொண்டுவந்துச்சே, சூரிய மின்விளக்கோட 300 சதுர அடி வீடு, அப்போ ஒண்ணு 1.80 லட்சம்னு, அதுல அம்மா பேருக்கு வந்தது. தளம் போட்ட கூரை, சிமெண்டுத் தரை. மூணாவதா, மிளகு நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்துல தம்பி பின்னாடி இழுத்துக் கட்டின ரெண்டு ரூமும் சமையல்கட்டும். அது பூசாத செங்கல்லோட அப்படியே நின்னுச்சு.

போன வருஷம், அதாவது 2025 வைகாசியில, நான் கொஞ்சம் பணம் போடறேன், எல்லாத்தையும் ஒரே வேலையா முடிச்சிடலாம்னு சொன்னேன். சொன்னவன் பணத்தோட நிறுத்தியிருக்கணும். நான் படத்தோட போனேன்.

ரெண்டு வருஷமா செல்போன்ல ‘வீடு’ன்னு ஒரு ஃபோல்டர் வச்சிருந்தேன். இன்ஸ்டாகிராம், பின்டெரஸ்ட், யூட்யூப்னு பார்க்கிறதெல்லாம் அதுல போய் விழும். மண் பூச்சுச் சுவர், ரெட் ஆக்சைடு தரை, ஆத்தங்குடி கல், மேல பழைய ஓடு, மூலையில மர பெஞ்சு. பளபளன்னு டைல்ஸ் ஒட்டி, பி.ஓ.பி சீலிங் போட்டு, அதுக்குள்ள நீல லைட்டு எரியவிடற ஊர் வீடுகளைப் பார்த்தாலே எனக்கு வயித்தைப் பிசையும். எல்லாரும் ஒரே மாதிரி பண்றாங்க, யாருக்கும் தனக்குன்னு ஒரு ரசனை இல்லைன்னு நண்பர்கள்கிட்ட லெக்சர் வேற அடிச்சிருக்கேன். எனக்கு ரசனை இருக்குன்னு நம்பிக்கிட்டிருந்தேன்.

அம்மா படங்களையெல்லாம் பொறுமையாப் பார்த்தாங்க. கண்ணாடியைக் கழட்டி முந்தானையில தொடச்சுட்டு மறுபடியும் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க:

“இது நம்ம பழைய வூடு சாமி. இதுக்கு எதுக்குக் காசு?”

அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன். டைல்ஸு. வெள்ளையா, முகம் தெரியற மாதிரி. செம்மேட்டுல சித்தப்பா வீட்டுல இருக்கிற மாதிரி.

சித்தப்பா வீட்டுக் கதை எனக்குக் கையில கிடைச்ச வெல்லக்கட்டி. அங்க வரவேற்பறை முழுக்க கண்ணாடி மாதிரி விட்ரிஃபைடு டைல்ஸ். எங்க மலை கடல் மட்டத்துக்கு மேல ஆயிரத்துலேர்ந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். ஐப்பசி மழையிலேர்ந்து தை வரைக்கும் மேகம் வீட்டுக்குள்ள வந்து டீ குடிச்சுட்டுப் போகும். ராத்திரி பூரா குளிர்ந்து கிடக்கிற தரைமேல காலையில ஈரக்காத்து வந்து படும்போது சோடா பாட்டில் வேர்க்கிற மாதிரி தரை வேர்க்கும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணியைக் குடிக்கவே குடிக்காது. அது உறிஞ்சுற அளவு அரை சதவீதத்துக்கும் கம்மி. அந்தப் பெருமையைச் சொல்லித்தான் அதை விக்கிறாங்க. அதனால வேர்வை மொத்தமும் மேலயே நிக்கும். மண் தரைன்னா சத்தமில்லாம உள்ள இழுத்து வச்சுக்கிட்டு, வெயில் வந்ததும் வெளிய விட்டுடும். சித்தி ஒரு கார்த்திகை மாசக் காலையில அந்த வேர்வையில வழுக்கி விழுந்து, மணிக்கட்டுல மாவுக்கட்டோட ஒன்றரை மாசம் உட்கார்ந்திருந்தாங்க.

இதையெல்லாம் விஞ்ஞானபூர்வமா அம்மாவுக்கு விளக்கினேன்.

“அவ ஈரக்காலோட ஓடுனா, வுழுந்தா.” முடிஞ்சுது விளக்கம்.

சரி, கடையிலயாவது மனசு மாறும்னு நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போனேன். நானும் தம்பியும் அம்மாவும். இந்த டைல்ஸ் கடைகளுக்குப் போயிருக்கீங்களா? இந்தியாவுல தயாராகிற டைல்ஸ்ல பெரும்பங்கு குஜராத்துல மோர்பின்னு ஒரு ஊர்லேர்ந்தும் அதைச் சுத்தியும் வருது. (சுவர்க் கடிகாரத்துக்கும் பேர் போன ஊர்.) அங்க அச்சடிக்கிற டிசைன்தான் காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும். இப்ப அந்த அச்சு மிஷின் என்ன வேணா அடிக்கும். மரம் மாதிரி டைல்ஸ், பளிங்கு மாதிரி டைல்ஸ், துருப்பிடிச்ச இரும்பு மாதிரி டைல்ஸ். சேல்ஸ் தம்பி என்னோட சட்டையையும் தாடியையும் பார்த்து ஆளை எடை போட்டுட்டு, “சார், இப்ப ட்ரெண்டிங் இதுதான்”னு உள்ளேர்ந்து ஒண்ணை எடுத்துட்டு வந்தார். சாம்பல் கலர். அங்கங்க திட்டுத்திட்டா கறை. சிமெண்டு பூசி விட்ட தரை மாதிரியே இருக்கிற டைல்ஸ். விலை மத்ததைவிட ஜாஸ்தி.

அம்மா அதைக் கையால தடவிப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. கடைக்காரத் தம்பியைப் பார்த்தாங்க.

“ஏஞ்சாமி, இதைத்தான மூடணும்னு நாம வந்தோம்?”

தம்பி கடைக்கு வெளியில ஓடிப்போய்ச் சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா வீம்புக்கு அடக்கிக்கிட்டேன். அரசாங்கம் போட்டுக்கொடுத்த சிமெண்டுத் தரையை மறைக்க, சிமெண்டுத் தரை மாதிரி டைல்ஸ்! அதே கடையில ஒரு பெயிண்ட் விளம்பரம். 2025-க்கான வருஷத்தின் நிறம்னு அமெரிக்காவுல பான்டோன் கம்பெனி அறிவிச்ச ‘மோக்கா மூஸ்’ பாணியில வரவேற்பறை. காப்பியில பால் கொஞ்சம் கம்மியாப் போன மாதிரி ஒரு பழுப்பு. எங்க பழைய வீட்டுச் சுவர்ல மழை அடிச்ச பக்கம் இருக்குமே, அதே கலர். அதை அம்மாகிட்ட காட்டலை. ஒரு நாளைக்கு ஒரு அவமானம் போதும்.

அம்மா தேர்ந்தெடுத்தது ஐவரி கலர், ரெண்டுக்கு ரெண்டு, ஓரத்துல லேசா பழுப்பு ரேகை ஓடறது. நான் வேண்டாம்னேன். சுத்திவர கும்பல், அம்மா வாயே திறக்கலை. எதுவும் வாங்காம வந்துட்டோம். எழுபது வளைவும் மௌனமா ஏறினோம். அதுலேர்ந்துதான் பதினோரு நாள் கணக்கு.

இங்க ஒரு கதை. 1900-ல வியன்னாவுல அடோல்ஃப் லூஸ்னு ஒரு கட்டடக் கலைஞர் கிண்டலா எழுதினது. ஒரு பணக்காரன் தன் வீட்டைக் கலையால நிரப்பணும்னு பெரிய டிசைனர் ஒருத்தரைக் கூப்பிடறான். அவர் எல்லாத்தையும் வடிவமைச்சுத் தர்றார், காலுக்குப் போடற செருப்பு உட்பட. ஒரு நாள் வீட்டுக்கு வந்த டிசைனருக்குக் கோபம் தலைக்கேறுது. படுக்கையறைக்குன்னு டிசைன் பண்ணின செருப்பை இவன் வேற ரூம்ல போட்டுக்கிட்டு நிக்கிறான்! பிறந்தநாளுக்குப் பிள்ளைங்க கொடுத்த பரிசை வைக்கவும் வீட்டுல இடம் கிடையாது, ஏன்னா வீடு ஏற்கெனவே பூர்த்தி ஆயிடுச்சு. வாழறதுக்கு அவனுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

எப்பவோ இதைப் படிச்சப்போ, அந்த டிசைனர் மாதிரி ஆளுங்கன்னு நான் நினைச்சது பி.ஓ.பி சீலிங் ஆளுங்களை. நாமக்கல்லேர்ந்து வந்த பிறகு ஒரு ராத்திரி அது ஞாபகம் வந்து கொஞ்சம் நெளிஞ்சேன். இந்த வீட்டுல டிசைனர் யாரு?

ஆனாலும் விட மனசில்லை. பின்பக்க ரூம் ஒண்ணுல நானே ரெட் ஆக்சைடு போட்டுக் காட்டிடறது, பார்த்தா அம்மாவே கேட்பாங்கன்னு ஒரு திட்டம். சேந்தமங்கலத்துலேர்ந்து வர்ற மேஸ்திரி தலையைச் சொறிஞ்சார். “இப்ப யாரு சார் அதைப் போடறா? வெடிச்சா என்னைச் சொல்லக்கூடாது.” யூட்யூப் இருக்க பயமேன்னு நான்தான் முன்னால நின்னேன். கலர் தூக்கலா இருக்கட்டும்னு ஆக்சைடை அள்ளிக் கொட்டச் சொன்னது நான். சீக்கிரம் காயட்டும்னு ரெண்டு ஜன்னலையும் திறந்துவிட்டதும் நான். அது ஆனி மாசம். எங்க மலையில ஆனி, ஆடிக் காத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா யூட்யூப்ல காத்து அடிக்கலையே :-(

மூணாம் நாள் தரை முழுக்க சிலந்தி வலை மாதிரி மயிரிழை வெடிப்பு. நடுவுல வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்த திட்டு. வெத்தலை போட்டுத் துப்பின மாதிரி ஒரு தரை. அம்மா வந்து எட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அதுதான் கொடுமை.

அன்னிக்கு ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது மலைமேலயே வேற நாட்டுல. மண் தரையோட குளிர்ச்சி, சாணி மெழுகின அன்னைக்கு வர்ற வாசனை, மத்தியானம் அதுல பாய் இல்லாம உருண்டு தூங்கினது, இதெல்லாம் நம்ம வேர் இல்லையான்னு ஒரு அரை மணி நேரம் பேசினேன்னு வைங்க. அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டா.

“நீ ஒரு நாளாச்சும் வழிச்சிருக்கியாடா?”

எங்க பக்கம் தரை மெழுகுறதை வழிக்கிறதுன்னுதான் சொல்வோம். நான் வழிச்சதில்லை. தம்பியும் வழிச்சதில்லை. “நீங்க ரெண்டு பேரும் வெளையாடப் போயிருவீங்க. நானும் அம்மாவும் வழிச்சு முடிச்சு, காஞ்சதுக்கப்பறம் வந்து உருளுவீங்க”ன்னா. கோபமாக்கூடச் சொல்லலை, சிரிச்சுக்கிட்டே சொன்னா. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, அமாவாசை, நோம்பி, யாராவது விருந்தாளி வர்றாங்கன்னா அதுக்கு முதநாள். சாணியைக் கரைச்சு, தரை கருப்பா இருக்கணும்னா அடுப்புக்கரியை அரைச்சுக் கலந்து, முட்டி போட்டு, கையால அரைவட்டம் அரைவட்டமா இழுத்துக்கிட்டே உள்சுவத்துலேர்ந்து வாசப்படி வரைக்கும் பின்னாடியே நகர்ந்து வரணும். மழைக்காலத்துல காயாது. காயறதுக்குள்ள கோழி நடந்துட்டா அந்த இடத்தை மறுபடியும். அம்மாவுக்கு இப்ப முட்டி மடங்காது. மாடிப்படி ஏறி ஏறித் தேய்ஞ்ச முட்டி இல்லை அது. எங்க வீட்டுல மாடியே கிடையாது.

அப்புறம் அக்கா இன்னொண்ணு சொன்னா. எனக்கு இதுவரைக்கும் தெரியாதது. அவளுக்கு முதல்ல பார்த்த மாப்பிள்ளை, கீழே ராசிபுரம் பக்கம் வேலையில இருந்தவர். வீட்டைப் பார்க்க வந்தாங்க. முதநாள் அம்மாவும் அவளும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வழிச்சு, கோலம் போட்டு வச்சிருந்தாங்க. வந்த பொம்பளைங்க வாசல்லயே நின்னு உள்ள பார்த்துட்டு, பட்டுச்சேலையில ஒட்டிக்கும்னு திண்ணையிலயே உட்கார்ந்துட்டாங்க. காப்பி குடிச்சாங்க. நல்லாத்தான் பேசினாங்க. உள்ள மட்டும் வரலை. போய்ச் சொல்லி அனுப்பறோம்னாங்க, சொல்லி அனுப்பலை. “எனக்கு அது நல்லதாப் போச்சு, உங்க மாமா கெடச்சாரு. ஆனா அம்மா அதை மறக்கலடா. அன்னைக்கு ராத்திரி வெளக்கைப் பிடிச்சுக்கிட்டு அந்தத் தரையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.”

போனை வச்சுட்டு அந்த ‘வீடு’ ஃபோல்டரைத் திறந்தேன். முந்நூத்திச் சொச்சம் படம். முதல் தடவையா வரிசையாப் பார்த்தேன். எல்லாம் ஒரே படம்ங்க. செம்மண் சுவர், சிவப்புத் தரை, பித்தளை உருளியில மிதக்கிற பூ, ஜன்னல்லேர்ந்து சாய்வா விழற வெயில். எங்கேயோ பெங்களூர்லயும் பாலித்தீவுலயும் எடுத்தது. ஒரு படத்துலயும் ஆள் கிடையாது. மெழுகுற ஆள் சுத்தமாக் கிடையாது. அம்மா சித்தப்பா வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டா அது காப்பி அடிக்கிறது, நான் ஊர் பேர் தெரியாத ஆள் வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டா அது ரசனையா? அம்மா சித்தப்பா வீட்டுத் தரையிலயாவது நடந்து பார்த்திருக்காங்க. நான் என் படங்கள்ல ஒண்ணுல கூட கால் வச்சதில்லை.

லாரி பேக்கரை இந்த விஷயத்துல அடிக்கடி மேற்கோள் காட்டுவேன் (செங்கல்லைப் பூசாம விடுங்கன்னு வாதாட அவர்தான் எனக்கு வக்கீல்). பர்மிங்காம்ல 1917-ல பிறந்து, இந்தியாவுக்கு வந்து, இமயமலையில பித்தோரகர்ல பதினாறு வருஷம் இருந்தவர். அந்த மலைக்காரங்க கையில இருக்கிற பொருளை வச்சு எப்படிக் கட்டறாங்கன்னு பார்த்துக் கத்துக்கிட்டவர். பிறகு திருவனந்தபுரத்துல அவர் பூசாத செங்கல்லுல கட்டினது செலவைக் குறைக்க. இன்னைக்கு அதே பூசாத செங்கல் தோற்றத்துக்கு மெல்லிசா சீவின செங்கல் வில்லையை வாங்கி, நல்லாப் பூசின சுவர்மேல ஒட்டிக்கிறோம். எங்க மலையிலயும் சுற்றுலாக்காரங்களுக்கு ‘மண் வீட்டுல தங்குங்க’ன்னு போர்டு பார்க்க முடியுது. ரெண்டு நாள் தங்கறவங்களுக்கு மண் வீடு, வருஷம் பூரா இருக்கிறவங்களுக்கு ஏன் டைல்ஸ் ஆசைன்னு கேட்டா, அக்காவோட கேள்விதான் பதில்.

மறுநாள் அம்மாகிட்ட போய், ஐவரியே போடலாம்னேன். “ஏன், ஒன் படத்துல இருந்தது என்னாச்சு?”ன்னாங்க. அக்கா பேசினதைச் சொல்லலை. வெடிச்சுப்போச்சேன்னேன். அம்மா சிரிச்சாங்க. பதினோரு நாள் முடிஞ்சுது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேடிக்கை. டைல்ஸ்னு முடிவானதும் அம்மா மத்த எல்லாத்துலயும் என்னைவிடத் தெளிவா இருந்தாங்க. சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ்னு அவங்களே சொல்லிட்டாங்க. (சித்தி மணிக்கட்டு ஞாபகம் இருக்கத்தான் செஞ்சிருக்கு.) பழைய மண் சுவருக்குப் பட்டி பார்த்து எமல்ஷன் அடிச்சுடலாம்னு பெயிண்டர் சொன்னப்போ, வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. 2019-ல தம்பி ஆசைப்பட்டு ஒரு சுவருக்கு அப்படி அடிச்சான். மண் சுவர் கீழேர்ந்து ஈரத்தை ஏத்தி வெளிய விடப் பார்க்கும், மேல பிளாஸ்டிக் மாதிரி பெயிண்ட் மூடிக்கிட்டா ஈரம் எங்க போகும்? ஒரே மழைக்காலத்துல சுவர் முழுக்க அப்பளம் பொரிஞ்சு, பட்டை பட்டையா உரிஞ்சு விழுந்துச்சு. பொங்கலுக்குப் பொங்கல் அடிக்கிற சுண்ணாம்பே போதும்னு அம்மா முடிச்சுட்டாங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி ஊறவச்சு மூணு கை அடிச்சோம். மோக்கா மூஸ் இல்லை, பளீர் வெள்ளை.

வீட்டுக்கு முன்னாடி மிளகும் ராகியும் காயப்போடற களத்தை என்ன பண்ணலாம், அதுக்கும் சிமெண்டு போட்டுடலாமான்னு மேஸ்திரி கேட்டார். அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாங்க. “களத்துக்கு எதுக்குச் சிமெண்டு? சாணி வழிச்சாத்தான் மண்ணு ஒட்டாது, அள்ள வாகா இருக்கும்.” இப்பவும் அறுப்புக்கு முன்னாடி களம் வழிப்பு உண்டு. தம்பி பொண்டாட்டி வழிக்கும். நானும் போன தடவை ஒரு மூலையை வழிச்சேன். நாலு சதுர அடி தாண்டறதுக்குள்ள முட்டி கெஞ்சுச்சு. தோட்டத்துக்கு வந்த ஆளுங்க போட்டோ எடுத்துட்டாங்க, அது தனி அவமானம்.

நான் வெடிக்க வச்ச ரூம் இருக்கே, அதுக்கும் ஒரு முடிவு வந்துச்சு. “அது ஒன் ரூம். நீ என்னமோ போட்டுக்க”ன்னு அம்மா அனுமதி. மேஸ்திரியோட மாமனார், எழுபது தாண்டினவர், அந்தக் காலத்துல நாமக்கல் பக்கம் வீடு வீடா ஆக்சைடு தரை போட்டவராம். ஆடி 18 முடிஞ்சு, வல்வில் ஓரி விழாக் கூட்டமெல்லாம் இறங்கின பிறகு, பஸ்ல வந்தார். வளைவுல ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டு, செம்மேட்டுல இறங்கி ஒரு சோடா குடிச்சுட்டு, நேரா என் தரையைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: “எவன் இதைப் போட்டது?”

முழுசாக் கொத்தி எடுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சோம். அவர் ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிட்டு வாயாலயே தரை போட்டார். சிமெண்டு எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல கலர் கூடாது, கூடினா பலம் போயிடும். பொடியைச் சிமெண்டோட காய்ஞ்ச நிலையிலேயே பல தடவை சலிச்சுக் கலக்கணும், இல்லைன்னா திட்டு விழும். கீழ் காரை ஈரமா இருக்கும்போதே மேல் பூச்சு ஏறணும். ஆரம்பிச்சா நடுவுல டீ குடிக்கக்கூடாது, ஒரே மூச்சுல இழுக்கணும். ரூமை நாலு பாகமாப் பிரிச்சு நடுவுல கண்ணாடிப் பட்டை வைக்கச் சொன்னார், வெடிக்கணும்னு தோணினா அந்தக் கோட்டோட வெடிக்கட்டும்னு. ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாக்கு போட்டு மூடியாச்சு. மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தி பத்து நாள். அப்புறம் தேங்காயெண்ணெய் போட்டுத் துணியால தேய்க்கிறது. அது தினம் கொஞ்சம், என் வேலை.

வெடிக்கலை. ஒரு மூலையில மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் மங்கி இருக்கு. பெரியவர் அதைப் பார்த்துட்டு, “அது கெடக்குது, அதுமேல கட்டிலைப் போட்டுக்க”ன்னார். கட்டில் அங்கதான் கிடக்கு.

ஆவணியில பால் காய்ச்சினோம். புது வீடு இல்லைன்னாலும் அம்மா காய்ச்சியே தீரணும்னாங்க. அக்கா மாமியார் வீட்டோட வந்தா. வந்தவங்க எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு நேரா ஹாலுக்குள்ள வந்து, ஐவரி டைல்ஸ்மேலயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாங்க. அம்மா சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. பாயசம் ஆறிப்போச்சுன்னு தம்பி பொண்டாட்டி ரெண்டு தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தாங்க.

இந்த மார்கழியில நான் ஊர்ல இருந்தேன். காலையில ஏழு மணிக்கு எழுந்து வந்தா, எதிர்பார்த்த மாதிரியே ஹால் தரை வேர்த்து நிக்குது. வாசக்கதவைத் திறந்ததுதான் தாமதம், மேகம் உள்ள வந்து ஐவரி பூரா முத்து முத்தா. என் ரூம்ல அவ்வளவு இல்லை, லேசாப் பிசுபிசுப்பு மட்டும். நான் வாயைத் திறக்கலை. ஆனா முகத்துல ஏதோ தெரிஞ்சிருக்கணும்.

அம்மா மூலையில சாத்தி வச்சிருந்த நீளக்கொம்பு மாப்பை எடுத்தாங்க.

“என்ன பாக்கற? தொடைச்சாப் போச்சு”ன்னாங்க. நின்னுக்கிட்டே, ஒரு கையால, சுவத்துலேர்ந்து வாசப்படி வரைக்கும் தொடைச்சுக்கிட்டே போனாங்க.